முகப்பு விளக்கின் சுவிட்சு

பொழுது விடியுமுன் வெட்டுக்காட்டிற்குப் புறப்படுவது பால்வெட்டும் தொழிலாளர்களின் வழக்கம். காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்கு வடியும். கிள்ளானுக்கோ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சுக்கோ சென்று, இருட்டிய பின் மோட்டார் சைக்கிளில் திரும்புவோரும் நம்மிடையே பலர். வழியில் விளக்கு அணைந்தால் எதிரே வரும் லாரிக்கு நாம் தென்படமாட்டோம்.

விளக்கு மினுக்கினால் பல்பைக் குறை கூறி, புதியது வாங்கி மாட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி கைப்பிடியிலுள்ள சுவிட்சே. வண்டி ஓடும்போது சுவிட்சை இலேசாக அசைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் ஐயமில்லை. கைப்பிடியைத் திருப்பும்போது மட்டும் மினுக்கினால், கழுத்துப் பகுதியில் கம்பி அறுந்திருக்கக்கூடும்.

சுவிட்சுக்குள் இருப்பவை சிறு உலோகத் தகடுகளே. அவற்றில் அழுக்கும் களிம்பும் படிந்தால் மின்னோட்டம் தடைபட்டுச் சூடேறும். சூட்டினால் தகடு மேலும் கருகும். தோட்டத்தில் இதற்கு மற்றொரு பகையும் உண்டு. பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவும், உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் செம்பையும் பித்தளையையும் அரிப்பவை. அவற்றைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக் கொண்டுபோவது நல்லதன்று.

1992 முதல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும். இரவுக்கு மட்டுமே விளக்கென்று கருதிச் செய்யப்பட்ட ஹோண்டா சி70 போன்ற பழைய வண்டிகளின் சுவிட்சு, இதனால் நாள் முழுதும் உழைக்கிறது. 6 வோல்ட்டில் 25 வாட் பல்பு எரிய ஏறத்தாழ 4 ஆம்பியர் அதன் வழியே பாய வேண்டும். பழைய ஆங்கிலேய எம்.ஜி.பி. விளையாட்டுக் கார்களுக்கும் இதே நோய்தான். விளக்குகளின் மின்சாரம் முழுவதையும் சுவிட்சே சுமப்பதால், அவற்றை வைத்திருப்போர் 'ரிலே' பொருத்திச் சுமையைக் குறைக்கின்றனர்.

பழுதுபார்க்குமுன் இயந்திரத்தை நிறுத்தி, பேட்டரியின் பியூசைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சின் திருகாணிகளை நீக்கி, வெள்ளைத் துணியின் மேல் வைத்தே பிரியுங்கள்; உள்ளிருக்கும் சிறு குண்டும் சுருள்வில்லும் புல்லில் தெறித்தால் பிறகு கிடைக்கமாட்டா! மிக நுண்ணிய உப்புத்தாளால் தகடுகளை மெதுவாகத் தேய்த்து, துடைத்து, வாசலின் சிறிதளவே தடவுங்கள். அறுந்த கம்பியை முறுக்கிவிடுவது போதாது. ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். தகடு உருகியிருந்தால் புதிய சுவிட்சே வழி. கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

சிலர் சுவிட்சையே விலக்கிக் கம்பிகளை நேராக இணைத்துவிடுகின்றனர். அப்போது உயர்ந்த ஒளியைத் தாழ்த்த வழியிராது. எதிரே வருபவரின் கண் கூசும். வேறு சிலர் 35 வாட்டிற்குப் பதில் 60 வாட் பல்பைப் போடுகின்றனர். பழுதான தகட்டில் எழும் சூடு இதனால் ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

பழைய வண்டிகளில் பலர் அறியாத ஆபத்து ஒன்றுண்டு. ஓடும்போது முகப்பு விளக்கின் தொடர்பு திடீரென அறுந்தால், மின் ஆக்கியின் அழுத்தம் கட்டுக்கு மீறி உயர்ந்து பின்விளக்கின் பல்பையும் எரித்துவிடும். முன்னும் இருள், பின்னும் இருள். ஆகவே சுவிட்சைச் செப்பனிட்டு முடித்ததும், ஒருவரை வண்டியின் பின்னால் நிற்கச் சொல்லிச் சிவப்பு விளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.