ஒரு துணைக்கால் தூரத்தில் வந்தியத்தேவன்

கதைமாந்தர் கலை – 9

கதை எங்கே தொடங்க வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். தொடங்கிய கதைக்குள் ஒருவன் நடந்து வருகிறான். அவன் இன்ன குணம் உள்ளவன் என்பது வாசகருக்கு எப்படித் தெரிகிறது என்பது இந்த வாரக் கேள்வி. பத்திரிகைக் கதையில் அதற்கு மூன்று வழிகள் உண்டு: பக்கத்தில் இருக்கும் ஓவியம், அவன் உடுத்தியிருக்கும் உடை, அவன் வாயிலிருந்து வரும் பேச்சு. எழுதப் பழகுகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, இந்த மூன்றும் ஒரே குணத்தைச் சொல்ல வேண்டும் என்பது. ரவுடி என்றால் கட்டம்போட்ட கைலி, கழுத்தில் கர்ச்சீப், மெட்ராஸ் பாஷை. பண்ணையார் என்றால் பட்டு வேட்டி, முறுக்கு மீசை, அதட்டல். அப்படி எழுதினால் வாசகர் சட்டென்று புரிந்துகொள்வார், உண்மைதான். புரிந்துகொண்ட கையோடு மறந்தும் போவார். மூன்றும் ஒத்து ஊதும்போது நமக்குக் கிடைப்பது ஒரு ரகம். ஓவியம் ஒன்று சொல்ல, உடை வேறொன்று சொல்ல, பேச்சு இரண்டையும் மறைக்கப் பார்க்கும்போதுதான் அங்கே ஒரு மனிதன் இருக்கிறான் என்று நமக்குத் தோன்றுகிறது. இதை நிறுவ வெகுதூரம் போக வேண்டாம். தமிழ் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருக்கும் ‘பொன்னியின் செல்வன்’ போதும்.

‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் வந்த தொடர் அது. ஓவியம் மணியம். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவே ஏழு நாள். கதையிலோ அரசர், அமைச்சர், சிற்றரசர், ஒற்றர், ஓடக்காரப் பெண், சதிகாரர் என்று பெருங்கூட்டம். வாசகர் குழம்பாமல் இருக்க அடையாளம் வேண்டும். சோழ இளவரசி குந்தவையையும் பழுவூர் இளையராணி நந்தினியையும் கல்கி எப்படிப் பிரித்துக் காட்டுகிறார் என்று பாருங்கள். இருவரும் பேரழகிகள். வெறும் ‘அழகி’ என்று எழுதினால் இரண்டு பேரும் ஒருவராகிவிடுவார்கள். அதனால் அங்கம் அங்கமாக இணை வைத்து எழுதுகிறார்: ஒருத்தி பொன்னிறம், மற்றவள் செந்தாமரை நிறம், ஒருத்தியின் முகம் முழுநிலாப் போல வட்டம், மற்றவளுடையது சற்றே நீள்வாட்டம், நந்தினியின் கூந்தல் கொண்டையாகிப் பூச்சூடி நிற்கிறது, குந்தவையின் கூந்தலோ மணிமகுடம் போலவே அமைந்துவிடுகிறது. ஓவியருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எழுதித் தர முடியாது. கூந்தலை முடிந்த விதத்திலேயே இரண்டு பெண்களின் கதையும் அடங்கியிருப்பதையும் கவனிக்க வேண்டும். குந்தவைக்கு மகுடம் தனியாக வேண்டியதில்லை, அவள் தலையோடு பிறந்தது. நந்தினியின் அலங்காரம் ஒவ்வொரு நாளும் அவளே தன் கையால் செய்துகொள்வது. அவள் வாழ்க்கையும் அப்படித்தான், ஒவ்வொரு இடத்தையும் அவளாகவே ஈட்ட வேண்டியிருக்கிறது.

இது ஒத்துப்போகும் அடையாளம்தானே, முரண் எங்கே என்று கேட்கலாம். ஆழ்வார்க்கடியான் நம்பியிடம் வருவோம். கதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறான். முன்குடுமி, கட்டையான உடம்பு, மேனியெங்கும் செங்குத்தாகச் சாத்திய நாமங்கள், கையில் தடி. இந்த உருவத்தைப் பார்த்தவுடன் இவன் வாதச் சண்டைக்காரன், முரட்டு வைஷ்ணவன், சிரிக்க வைக்க வந்தவன் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பேச்சும் அதற்கேற்றபடியே இருக்கிறது. சைவரோடும் அத்வைதியோடும் நடுவழியில் மல்லுக்கு நிற்கிறான், வாதம் போதாத இடத்தில் தடியையும் காட்டுகிறான். ஆனால் அன்றிரவு கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடி ரகசியமாகச் சதி பேசும்போது, மதில்மேல் தெரிகிற தலை இவனுடையது. முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்பது பின்னால் தெரிகிறது. கல்கி இங்கே செய்திருப்பதன் நுட்பம், அந்த நாமத்தைப் பொய்யாக்காமல் விட்டதுதான். அவன் உண்மையிலேயே ஆழ்வார்களுக்கு அடியான். பாசுரம் சொல்லும்போது அவன் குரல் உருகுவது நடிப்பில்லை. பக்தியும் உண்மை, ஒற்று வேலையும் உண்மை. உடை ஒன்றைச் சொல்கிறது, இன்னொன்றைச் சொல்லாமல் விடுகிறது. நாமத்தைத் துடைத்துப் பார்த்து உள்ளே இருப்பவன் ‘நிஜ’ ஆள் என்று எழுதியிருந்தால் அது சாதாரண மாறுவேடக் கதை. துடைத்தாலும் நாமம் இருக்கும் ஆள் என்பதால் அவன் பாத்திரமாகிறான்.

கதையில் வரும் பழுவூர்ப் பல்லக்கும் ஒருவகை உடைதான். திரை மூடிய பல்லக்கு, திரையில் பனை இலச்சினை. உள்ளே இளையராணி என்று ஊரே நம்புகிறது. கடம்பூரில் அதற்குள்ளிருந்து, அரியணைக்கு ஏங்கும் மதுராந்தகன் இறங்குவதைக் கதாநாயகன் வந்தியத்தேவன் பார்த்துவிடுகிறான். அதனால் தஞ்சைக்குப் போகும் வழியில் அதே பல்லக்கைக் கண்டதும், உள்ளே மதுராந்தகன்தான் இருக்கிறான் என்று கணக்குப் போட்டு, குதிரையை அதன்மேல் மோதவிட்டு, பல்லக்கு வந்து குதிரையை இடித்துவிட்டது என்று கூச்சல் போடுகிறான். திரை விலகுகிறது. உள்ளே இருப்பது நந்தினி. திரையை ஊரார் ஒருமாதிரி படித்தார்கள், இவன் வேறுமாதிரி படித்தான். இரண்டு படிப்பும் ஒவ்வொரு சமயம் தவறு. இனி அவனைக் காப்பாற்ற வாய் ஒன்றுதான் உண்டு. நொடியில் பேச்சை மாற்றுகிறான், ஆழ்வார்க்கடியான் பெயரைப் பிடித்துக்கொள்கிறான், கடைசியில் கோட்டைக்குள் போக உதவும் பனை இலச்சினை மோதிரத்தையே அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறான். பழுவூரின் சின்னம் திரையிலிருந்து அவன் கைக்கு வந்துவிட்டது. இவன் துடுக்குக்காரன், சமயோசிதம் உள்ளவன், அழகைக் கண்டால் தடுமாறுகிறவன் என்று கல்கி தன் குரலில் ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை.

பேச்சு என்று வந்துவிட்டதால், இந்த நாவலில் மிகச் சிறிய வசனம் ஒன்றை நெருங்கிப் பார்க்க வேண்டும். தஞ்சை அரண்மனையில் நோயுற்ற சுந்தர சோழரிடம் ஓலை கொடுக்கும் சாக்கில், அவரைச் சூழ்ந்திருக்கும் ஆபத்தை வந்தியத்தேவன் சொல்லிவிட முயல்கிறான். அவன் சொல்லும் சொல் ‘அபாயம்’. அது கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் காதில் விழுந்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்று விசாரணை. அரசரிடம் தான் கேட்டது ‘அபயம்’ என்று சொல்லித் தப்பிக்கிறான். எழுத்தில் பார்த்தால் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். இருப்பதை எடுத்துவிட்டால் எச்சரிக்கை அடைக்கலமாகிவிடுகிறது. எச்சரிக்க வந்தவன் கெஞ்ச வந்தவனாகிவிடுகிறான். தமிழ் எழுத்து தெரிந்தவன் மட்டுமே இந்த இடத்தை எழுத முடியும். வேறு மொழிக்குக் கொண்டுபோனால் அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியிருக்கும். வந்தியத்தேவனின் பாத்திரம் முழுவதையும் ஒரு சொல்லில் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். உண்மையைச் சொல்லும் அவசரமும், சொன்ன உண்மையைப் பொய்யால் மூடும் வேகமும் ஒரே வாயில் அடுத்தடுத்து வருகின்றன. அவன் பொய் சொல்லும்போதும் நாம் அவனை நம்புவது அதனால்தான்: அவன் பொய் எப்போதும் உண்மையை ஒட்டியே, ஒரு கால் தூரத்திலேயே நிற்கிறது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. கல்கியின் பாத்திரங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தமிழில்தானே பேசுகிறார்கள்? கோடிக்கரை ஓடக்காரியும் சோழநாட்டு முதன்மந்திரியும் ஒரே நடை. கி. ராஜநாராயணன் கரிசல்காட்டுச் சொல்லை அப்படியே காகிதத்தில் வைத்தார், ஜெயகாந்தன் சென்னைச் சேரிப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தார். அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் கல்கியின் வசனம் ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரிகிறது. இது குறைதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டுப் பேச்சு நமக்கு எப்படிக் கிடைக்கும்? கல்வெட்டில் இருப்பது தானத்தையும் எல்லையையும் சொல்லும் மொழி, யாரும் வீட்டில் பேசிய மொழியில்லை. கிடைக்காத வட்டார வழக்கைக் கற்பனையாகச் செய்து ஒட்டியிருந்தால் வேஷம்தான் மிஞ்சியிருக்கும். கல்கி வேறு வழியில் போனார். சொல் ஒன்றாக இருக்கட்டும், சொல்லை வைத்து ஒவ்வொருவரும் செய்வது வேறாக இருக்கட்டும் என்று விட்டார். தன் காதலர்கள் யார் என்ற பேச்சு வரும்போது ஓடக்காரி பூங்குழலி இரவில் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டுகிறாள். நந்தினி கணவரிடம் ஒரு குரலிலும், பாண்டியநாட்டுச் சதிகாரரிடம் அரசியாக வேறு குரலிலும், பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் வாளோடு தனித்திருக்கும்போது யாரும் கேளாத மூன்றாவது குரலிலும் பேசுகிறாள். வட்டார வழக்கு ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதைத் துல்லியமாகச் சொல்லும். அவர் யாரிடம் எதை மறைக்கிறார் என்பதை வழக்கு மட்டும் சொல்லிவிடாது.

ஓவியத்தைப் பற்றியும் ஒரு குறை சொல்வார்கள்: வரைந்துவிட்டால் வாசகரின் கற்பனையைக் கட்டிப்போட்டதாகிவிடும் என்று. ‘கல்கி’யிலேயே இந்தத் தொடர் மறுபடி மறுபடி வந்தபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். ஒருவர் முகம் மற்றவர் முகமாக இல்லை. இருந்தும் வாசகர் எந்தத் தலைமுறையிலும் குந்தவையை நந்தினி என்று மயங்கவில்லை. முகம் மாறியும் ஆள் மாறவில்லை என்றால் ஓவியம் ஆளைக் கட்டிப்போடவில்லை என்றுதானே பொருள்? 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது, பேச்சு உடையின் பக்கம் திரும்பியது. சோழர் காலத்தில் இப்படியா உடுத்தினார்கள் என்ற கேள்வி எழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய நடைபாதையில், பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டன. அங்கே ஆடும் பெண்களின் உடம்பை மூடுவது துணியைவிட அதிகமாக நகைதான். குடும்பம் முழுவதும் வாசித்த 1950களின் வாரப் பத்திரிகையில் அதை அப்படியே வரைந்திருக்க முடியாது. ஆகவே மணியத்தின் உடைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது தவறு. ஆனால் கதைக்கு உடை செய்ய வேண்டிய வேலை வேறு. உடுத்தியிருப்பவன் தன்னை யாராகக் காட்ட விரும்புகிறான் என்பது தெரிந்தால் போதும். பட்டும் பீதாம்பரமுமாகச் சிங்காதனத்துக்கு ஏங்கும் மதுராந்தகன் ஒருபுறம். பூக்குடலையும் திருநீறுமாகக் கோயிலுக்குப் போய்வரும் சேந்தன் அமுதன் மறுபுறம். பட்டத்துக்கு உரிய பிறப்பு பூக்குடலைக்காரனுடையது என்று கடைசி பாகத்தில் தெரிந்து, இளவரசன் அருள்மொழி தன் கையால் மகுடத்தை அவன் தலையில் வைக்கிறானே, அந்தக் காட்சிக்குள் நெசவு வரலாறு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இரண்டு உடைகளும் இத்தனை காலம் செய்துவந்த வேலை தெளிவாகத் தெரிகிறது.

இந்த மூன்று வழிகளில் ஒன்றை முழுவதுமாக எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கவே கல்கி மந்தாகினியைப் படைத்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஊமை ராணி, ஒரு வசனமும் கிடையாது. முகமோ நந்தினியின் முகம். அநுராதபுரத்து வீதியில் அவளைக் கண்ட வந்தியத்தேவன் பழுவூர் இளையராணி இங்கே எப்படி வந்தாள் என்று திகைக்கிறான். ஒரே முகத்தில் ஒருத்திக்கு நகையும் அலங்காரமும் பேச்சும். மற்றவளுக்கு எதுவுமே இல்லை. படத்தில் இருவரையும் ஐஸ்வர்யா ராய் ஒருவரே நடித்தார். முகம் கொடுக்காத வேறுபாட்டை உடையும் மௌனமும் கொடுத்தாக வேண்டியிருந்தது. நாவலில் அந்த மௌனத்துக்குக் கல்கி ஒரு சுவரைக் கொடுத்தார். பேச முடியாதவள் பாழடைந்த கட்டடத்தின் சுவரில் தன் வாழ்க்கையைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறாள். காவேரியில் விழுந்த குழந்தையைத் தூக்கி எடுக்கும் ஒரு பெண் அதில் இருக்கிறாள். அருள்மொழி வெளிச்சத்தைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறான், அந்தக் குழந்தை தான்தான் என்று அறிந்தவனாக. அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பு ‘சித்திரங்கள் பேசின’. பத்திரிகைக்காக மணியம் வரையும் ஓவியம் ஒன்று, கதைக்குள்ளேயே ஒருத்தி தன் கையால் வரைந்த ஓவியம் ஒன்று. முதலாவது அவளை நமக்குக் காட்டுவது, இரண்டாவது அவளே சொல்வது. கல்கியின் மந்தாகினிக்கு அது ஒன்றே வசனம். ஐந்தாம் பாகத்தில் சுந்தர சோழரைக் குறிவைத்து வரும் வேலை அவள் பாய்ந்து தன் உடம்பில் வாங்கும்போது, ஏன் என்று அவளை யாரும் கேட்கத் தேவையில்லாமல் போகிறது. மூன்று பாகங்களுக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில், வாசகர் அந்தச் சுவரைப் பார்த்தாகிவிட்டது.