கேசட் கடையில் பிறந்த சினிமா

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் இடுமோட்டா என்றொரு சந்தை. 1990களில் அங்கே டி.வி., ரேடியோ, துணிமணி விற்ற நெரிசலான கடைகளுக்கு நடுவில்தான் அந்த நாட்டின் சினிமாத் தொழிலும் நடந்தது. ஸ்டூடியோ இல்லை. கடன் கொடுக்க வங்கி இல்லை. படம் ஓட்டத் தியேட்டரும் அநேகமாக இல்லை. ஆனாலும் 2006இல் நைஜீரியாவில் 872 படங்கள் எடுக்கப்பட்டன என்கிறது யுனெஸ்கோவின் கணக்கு. அதே ஆண்டில் அமெரிக்காவில் எடுத்தவை 485. நைஜீரியாவுக்கு முன்னால் நின்றது இந்தியா மட்டும்தான்.

திறமையும் ஆர்வமும் எல்லா ஊரிலும் உண்டு. கதையும் கேமராவும் கையில் இருந்தும் பெட்டிக்குள்ளேயே முடங்கிப்போன சுயாதீனப் படங்கள் நம் பக்கத்திலும் ஏராளம். நைஜீரியாவில் இத்தனை படங்கள் வெளிவந்ததற்குக் காரணம், படத்தை விற்கத் தெரிந்தவர்களே படம் எடுக்க வந்ததுதான்.

1980களில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. 1986க்குப் பிறகு அந்நாட்டு நாணயமான நைராவின் மதிப்பும் விழுந்தது. ஃபிலிம் சுருளை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும், கழுவவும் வெளிநாட்டுக்கே அனுப்ப வேண்டும், இரண்டுக்கும் டாலர். இரவில் வெளியே போகப் பயந்த மக்கள் தியேட்டர்களைக் கைவிட்டார்கள். பல தியேட்டர்கள் கிடங்குகளாகவும் பிரார்த்தனைக் கூடங்களாகவும் மாறின. ஆனால் எண்ணெய்ப் பணம் புரண்ட நாட்களில் வாங்கிய டி.வி.யும் வி.சி.ஆரும் நடுத்தர வீடுகளில் அப்படியே இருந்தன.

கென்னத் என்னபூ என்ற வியாபாரிக்கு இது தெரிந்திருந்தது. வெற்று வீடியோ கேசட்டுகளை மொத்தமாக இறக்குமதி செய்தவர் அவர், அவற்றில் ஏதாவது பதிந்து விற்றால் சீக்கிரம் போகும் என்று படம் எடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையில் யொரூபா மொழி நாடகக் கலைஞர்களை வைத்து அவர் முன்பே வீடியோ படம் எடுத்திருந்தார். 1992இல் இக்போ மொழியில் அவர் தயாரித்த 'லிவிங் இன் பாண்டேஜ்' கேசட்டாகவே வெளிவந்தது. பணத்துக்காக மனைவியைப் பலிகொடுப்பவனை அவளுடைய ஆவி துரத்தும் கதை. அது விற்ற வேகத்தைப் பார்த்து இடுமோட்டாவிலும், ஒனிச்சா, ஆபா ஊர்களின் சந்தைகளிலும் இருந்த மற்ற வியாபாரிகளும் இறங்கினார்கள்.

இவர்களுக்கு அங்கே 'மார்க்கெட்டர்' என்று பெயர். நம் ஊரில் தயாரிப்பாளர் ஃபைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கிப் படத்தை முடித்துவிட்டு, பிறகு விநியோகஸ்தரைத் தேடி அலைவார். அன்று அங்கே விநியோகஸ்தரே முதலாளி. எந்த முகம் கேசட் அட்டையில் இருந்தால் எந்த ஊரில் எவ்வளவு போகும் என்பது அவருக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே தெரியும். இயக்குநரிடம் ஒரு தொகையைக் கொடுப்பார். ஒன்றிரண்டு வாரத்தில் படப்பிடிப்பு முடியும். பிரதி எடுத்துச் சந்தைக்கு அனுப்பினால் சில வாரங்களில் பணம் திரும்பும், அடுத்த படத்துக்குப் போகும்.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் திருட்டுப் பிரதி. அசல் வந்த சில நாட்களிலேயே நகலும் வந்துவிடும். விற்க வேண்டியதை அதற்குள் விற்றாக வேண்டும். வி.எச்.எஸ். கேசட்டில் இரண்டு மணி நேரப் படத்தைப் பிரதி எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். அடுத்து வந்த வி.சி.டி. அந்தத் தடையையும் உடைத்தது. வட்டு மலிவு, வேகமாக அச்சாகும். அசல்காரருக்குக் கிடைத்த அதே வசதி திருடுபவருக்கும் கிடைத்தது. வடக்கே கானோ நகரில் திருட்டு கேசட் கொண்டுபோன அதே வழிகளில்தான் ஹௌசா மொழிப் படங்களும் பிறகு முறையாகப் பயணித்தன என்று ஆய்வாளர் பிரையன் லார்கின் காட்டியிருக்கிறார்.

வியாபாரம் படத்தின் உருவத்தையே தீர்மானித்தது. ஒரு கதையை 'பாகம் 1', 'பாகம் 2' என்று பிரித்தால் இரண்டு முறை விற்கலாம். எனவே கதைகள் நீண்டன. வாடகைக்கு எடுத்த வீட்டுக்குள் படம்பிடித்தால் செலவு குறைவு. எனவே வரவேற்பறையில் உட்கார்ந்து பேசும் காட்சிகள் பெருகின. இவற்றைப் பார்த்து 'மட்டமான படம்' என்று ஒதுக்கியவர்கள் பலர். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கையில் இருந்த பணத்துக்கும் நாளுக்கும் பொருந்துகிற சினிமாவை அவர்கள் கண்டுபிடித்தார்கள். தங்கள் மொழியும் தங்கள் வீடும் திரையில் வருவதைக் காண மக்கள் காசு கொடுத்தார்கள்.

என்னை வருத்துவது வேறொன்று. எத்தனை பிரதி விற்றது என்பது மார்க்கெட்டருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. எழுதியவருக்கும் இயக்கியவருக்கும் நடித்தவருக்கும் பெரும்பாலும் ஒருமுறைச் சம்பளம்தான், பங்கு கிடையாது. நட்சத்திரங்கள் சம்பளத்தை உயர்த்தியபோது, 2004இல் மார்க்கெட்டர்கள் கூடிப் புகழ்பெற்ற நடிகர் நடிகையர் பலரை ஒதுக்கிவைத்தார்கள். ஜெனவீவ் நாஜி அவர்களில் ஒருவர். நாடே அறிந்த முகங்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு வேலை இல்லை. விற்பனை வழி ஒரு சிலர் கையில் இருந்தால் புகழ்கூடக் காப்பாற்றாது. அதே ஜெனவீவ் நாஜி இயக்கிய 'லயன்ஹார்ட்' படத்தைத்தான் 2018இல் நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது.

அதற்குள் வணிக வளாகங்களில் புதிய தியேட்டர்கள் வந்திருந்தன. 2023 டிசம்பரில் வெளியான, நடிகையும் தயாரிப்பாளருமான ஃபுன்கே அகிந்தெலேயின் 'எ ட்ரைப் கால்ட் ஜூடா' நைஜீரியத் தியேட்டர்களில் 100 கோடி நைரா வசூலைத் தாண்டிய முதல் உள்நாட்டுப் படம். பெரிய சாதனைதான். ஆனால் நைராவின் அன்றைய மதிப்பில் அது பத்து லட்சம் டாலரை ஒட்டிய தொகை. அதிலும் வரி, தியேட்டர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு போன பிறகு மிஞ்சுவதே தயாரிப்பாளருக்கு. இருபது கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் இருப்பவை சில நூறு திரைகள். ஓ.டி.டி.யையும் நம்பியிருக்க முடியவில்லை. 2024 ஜனவரியில் அமேசான் பிரைம் வீடியோ ஆப்பிரிக்காவில் புதிய படங்களுக்குப் பணம் போடுவதை நிறுத்தியது.

இப்போது நடிகர்களும் தயாரிப்பாளர்களும் சொந்த யூடியூப் சேனலில் முழுப் படத்தை ஏற்றுகிறார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு இப்போது படம் எடுத்தவர் கண்ணுக்கே தெரிகிறது. விளம்பர வருமானமோ பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. லண்டனிலிருந்து ஒருவர் பார்த்தால் லாகோஸிலிருந்து பார்ப்பவரைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் வெளிநாட்டில் குடியேறிய நைஜீரியர்களையும் மனத்தில் வைத்தே கதை தேடுகிறார்கள். இப்படி எடுக்கும் படங்கள் பல மறுபடியும் ஒரு வீடு, நாலைந்து நடிகர்கள், சில நாள் படப்பிடிப்பு என்ற அளவுக்குள் அமைகின்றன.