மார்கழித் தக்காளிக்கு மழைக்குடை போதும்

“மாடியில் பசுமைக்குடில் போட்டால் மழைக்காலத்திலும் தக்காளி காய்க்குமா?” மயிலாப்பூர், அடையாறு மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2021 நவம்பர் மழையில் வரத்து குறைந்து, சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும்.

குளிர் நாடுகளில் செடிக்குச் சூடு தரத்தான் குடில். சென்னைக்கு அது வேண்டாம். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் தக்காளியில் காய் நன்றாகப் பிடிக்கும். அதற்குக் கிட்டத்தில் வருவது மார்கழி, தையில்தான். நான்கு பக்கமும் பாலித்தீனால் மூடினால் வெக்கையில் பூ உதிரும். மழையைத் தடுக்க, மேலே மட்டும் சரிவாக 200 மைக்ரான் யூ.வி. ஷீட் போதும். பக்கங்களில் 40 மெஷ் பூச்சிவலை கட்டினால், இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ உள்ளே வராது.

பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ரகத்தைப் புரட்டாசியில் குழித்தட்டில் விதைத்து, 25 நாள் நாற்றை ஐப்பசியில் பைக்கு மாற்றுங்கள். செம்மண், மட்கிய தொழுவுரம், மட்கிய தென்னை நார்க்கழிவு சம அளவு எடுத்து, டிரைக்கோடெர்மா விரிடியும் கலந்தால் வேரழுகல் குறையும். வலைக்குள் காற்றசைவு குறைவு. காலை 10 மணிக்குள் பூங்கொத்துகளை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், காய்ப்பு கூடும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் கொட்டி ஊற்றினால் காயின் அடி கறுத்துவிடும். தையில் முதல் பறிப்பு.

செங்கல்பட்டு, திருவள்ளூர் விவசாயிகளும் வீட்டுக் கொல்லையில் இப்படியே செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா புயலை மறக்க முடியாது. புயல் அறிவிப்பு வந்ததும் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள். செடி போனால் மறுபடி நடலாம். மாடியிலிருந்து பறக்கும் குழாய் தெருவில் போகிறவர் தலையில் விழுந்தால் என்ன செய்ய முடியும்?