லோரிகள் ஓடும் சாலையில் பாதுகாப்பாகக் கார் ஓட்டுவோம்



மருந்து எடுக்கவும் கண் பரிசோதனைக்கும் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தானுக்கு நீங்களே கார் ஓட்டிச் செல்கிறீர்களா? அப்படியானால் வழியில் செம்பனைக் குலை லோரி, எண்ணெய் டேங்கர், கல் லோரி எல்லாவற்றையும் சந்திப்பீர்கள்.

2025 மே 13-ஆம் தேதி காலை, தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் மோதிக்கொண்டன. சித்திரா பௌர்ணமி விழாவில் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிய 9 போலீசார் உயிரிழந்தனர். அவர்கள் வந்ததே ஒரு கனரக வாகனம். நமது கார் அதைவிடச் சிறியது. லோரிக்கும் உங்களுக்கும் இடையே நீங்கள் விடும் தூரமே உங்களுக்குப் பாதுகாப்பு.

லோரிக்குப் பின்னால் செல்லும்போது

லோரி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என எண்ணத் தொடங்குங்கள். "ஆயிரத்து நான்கு" சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால், மிக அருகில் செல்கிறீர்கள் என்று பொருள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 வினாடி என்பது ஏறக்குறைய 90 மீட்டர். வயது ஏற ஏற, பார்த்ததும் பிரேக்கை மிதிக்க நமக்குக் கூடுதல் நேரம் தேவை. மழையிலும் இரவிலும் 6 வினாடி இடைவெளி விடுங்கள்.

ஓட்டுநரின் கண்ணில் படாத இடங்கள்

லோரியின் முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள் ஆகியவற்றில் ஓட்டுநரால் பார்க்க முடியாத பகுதிகள் உண்டு. அவர் வலப்பக்கம் அமர்ந்திருப்பதால் இடப்பக்கத்தில் அது மிகப் பெரியது. லோரியின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள்.

தோட்டச் சாலைக்குள் இடப்பக்கம் திரும்பும் நீளமான லோரி, முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கும். அந்த இடைவெளியில் காரை நுழைக்காதீர்கள். லோரி திரும்பி முடிக்கும்வரை பின்னாலேயே காத்திருங்கள்.

முந்திச் செல்லும் முன்

லோரி 70 கிலோமீட்டர் வேகத்திலும் நீங்கள் 90 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றால், பாதுகாப்பாக முந்தி முடிக்க ஏறக்குறைய 14 வினாடி ஆகும். அதற்குள் உங்கள் கார் 350 மீட்டர் ஓடிவிடும். எதிரே வரும் காரும் அதே அளவு நெருங்கிவிடும். ஆகவே இருவழிச் சாலையில் 700 மீட்டருக்கு மேல் வெறுமையாகத் தெரிய வேண்டும்.

தெரியவில்லையா? முந்த வேண்டாம். 20 கிலோமீட்டர் பயணத்தில் நீங்கள் இழப்பது 4 நிமிடத்திற்கும் குறைவே.

முந்திய பிறகும் உடனே லோரியின் முன் புகாதீர்கள். பாரம் ஏற்றிய லோரி காரைப்போல் சட்டென்று நிற்காது. அதன் இரு முன்விளக்குகளும் உங்கள் உள்கண்ணாடியில் முழுமையாகத் தெரிந்த பின்னரே இடப்பக்கம் வாருங்கள்.

லோரி பின்னால் நெருக்கினால்

பதற்றப்பட்டு வேகத்தைக் கூட்ட வேண்டாம். திடீரென்று பிரேக்கும் போட வேண்டாம். இடப்பக்கச் சிக்னல் போட்டு, அகலமான இடத்தில் ஒதுங்கி, லோரிக்கு வழிவிடுங்கள்.

புறப்படும் முன்

• சளி, அலர்ஜி மருந்துகள் சில தூக்கம் தரும். "இதைச் சாப்பிட்டுக் கார் ஓட்டலாமா?" என்று மருந்தகத்தில் கேளுங்கள்.
• இன்சுலின் போடுபவர்கள் இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 5 மில்லிமோலுக்குக் குறைவாக இருந்தால் முதலில் சாப்பிடுங்கள். அளவு ஏறிய பிறகே ஓட்டுங்கள்.
• எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறதா? கண்புரை காரணமாக இருக்கலாம். பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை இரவில் ஓட்டாதீர்கள்.
• உடல் சரியில்லாத நாளில் பிள்ளைகளையோ அண்டை வீட்டாரையோ ஓட்டச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

விபத்து நேர்ந்தால் 999 எண்ணை அழையுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை கிளினிக்கிற்கு வரும்போது தாதியிடம் கேளுங்கள்.