எட்டாத கோப்பும் இல்லாத கோப்பும்

தரவுத்தளம் ஒன்று இயங்கிக்கொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்பட்டுக் கணினி நின்றுவிடுகிறது. மின்சாரம் திரும்பியதும் தரவுத்தளம் தன்னைத் தானே சீர்செய்ய முற்படும். இதனை நிலைகுலைவு மீட்பு என்போம். அவ்வேளையில் தரவுக்கோப்புகளுள் ஒன்றைத் திறக்க இயலவில்லையெனில் என்ன செய்வது? எல்லாவற்றையும் நிறுத்திவைப்பதா, அக்கோப்பை விட்டுவிட்டு மேலே நடப்பதா? இவ்விரண்டில் எதுவும் எல்லா நேரத்துக்கும் பொருந்தும் விடையன்று.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்ட அலுவலகம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். பறித்த கொழுந்தை நிறுக்குமிடத்தில் ஒவ்வொருவரின் எடையும் முதலில் நாட்குறிப்பேட்டில் வரிசையாக எழுதப்படுகிறது. பின்னர்க் கிராணியார் அதனைப் பிரிவுவாரியான பேரேடுகளில் ஏற்றுகிறார். ஏற்றும் பணி பாதியில் நின்றாலும் கவலையில்லை. எது ஏறியது, எது ஏறவில்லை என்பதை நாட்குறிப்பேடு காட்டிவிடும். தரவுத்தளமும் இவ்வாறே இயங்குகிறது. மாற்றம் முதலில் குறிப்பேட்டில் பதியப்படும். தரவுக்கோப்பை அது பின்னர்ச் சென்றடையும்.

இம்முறையைச் செம்மையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சி. மோகன். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய அவரும் உடன் ஆய்வாளர் நால்வரும் 1992-இல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்னும் முறை மீட்பை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. நின்ற இடத்தைக் குறிப்பேட்டைப் படித்து அறிவது முதற்படி. விடுபட்டவற்றை மீண்டும் ஏற்றுவது இரண்டாம் படி. முற்றுப்பெறாத செயல்களைக் கழிப்பது மூன்றாம் படி.

இனிச் சிக்கலுக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருளின் 9.4.2 பதிப்பு 2015 மே மாதம் வெளிவந்தது. நிலைகுலைவுக்குப் பின், தரவு அடைவிலுள்ள எல்லாக் கோப்புகளையும் வட்டில் உறுதியாக எழுதச்செய்யும் ஏற்பாடு அதில் சேர்க்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் ஒரு கோப்பில் தடை நேர்ந்தாலும் முழுத் தரவுத்தளமும் எழ மறுத்தது. பாதுகாப்புச் சான்றிதழ்க் கோப்புகளை மென்பொருள் மாற்றிவிடாதபடி எழுதும் உரிமையின்றி வைப்பது பலரின் வழக்கம். மீட்புக்குச் சற்றும் தேவைப்படாத அக்கோப்புகளே சில கணினிகளில் வழிமறித்தன. சூன் 4 அன்று வந்த 9.4.3 பதிப்பு இதனைத் திருத்தியது. அனுமதி மறுப்பைப் பொருட்படுத்தாமலும், பிற தடைகளைக் குறித்துவைத்துக்கொண்டும் மீட்பு தொடரலாயிற்று. அலுவலகச் சுவரில் மாட்டிய உரிமப் பத்திரத்தைத் தொட முடியவில்லை என்பதற்காகத் தோட்டத்தின் கூலிக் கணக்கையே நிறுத்துவது முறையாகாது அல்லவா?

எனினும், திறக்க இயலாதது ஒரு பிரிவின் பேரேடாகவே இருந்தால்? மலைச்சாலையில் மண் சரிந்து, அப்பேரேடு அப்பால் சிக்கிக்கொண்டது எனக் கொள்வோம். அப்பிரிவுக்குரிய குறிப்புகளைக் கிழித்தெறிந்தால் ஒரு பெண் நாள் முழுவதும் பறித்த கொழுந்து கணக்கிலிருந்தே மறைந்துபோகும். வெற்றுப் பேரேடு ஒன்றைப் புதிதாகத் திறந்தால் அவள் பெயருக்கு நேரே சுழியம் நிற்கும். தெரியாத எடையும் சுழிய எடையும் ஒன்றல்ல.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அக்கோப்புக்குக் குறிப்பேட்டில் நிலுவை உண்டா? இல்லையெனில், தடையைக் குறித்துவைத்துவிட்டு மேலே செல்லலாம். உண்டெனில், அக்கோப்பை மட்டும் ஒதுக்கிவைத்து மற்றவற்றை மீட்டுத் திறக்கலாம். ஏரீஸ் ஆய்வுரை இதற்கு இடமளிக்கிறது. ஒதுக்கிய பகுதிக்குக் குறிப்பேட்டின் எப்பகுதி நிலுவை என்பது நினைவில் வைக்கப்படும். அது திரும்பி நிலுவை தீரும்வரை யாரும் அதனைப் படிக்கவோ திருத்தவோ இயலாது. ஆரக்கிள் தரவுத்தளத்திலும் பழுதுற்ற தரவுக்கோப்பை விலக்கிவைத்து, பின்னர்க் காப்பகக் குறிப்பேடுகளைக்கொண்டு மீட்கலாம். அக்குறிப்பேடுகளை இடையில் அழித்துவிடலாகாது என்பதே நிபந்தனை. மைஎஸ்கியூஎல் மென்பொருளில் 1 முதல் 6 வரை படிநிலைகள் கொண்ட கட்டாய மீட்பு உண்டு. 4-உம் அதற்கு மேலும் தரவை நிலையாகச் சிதைக்கக்கூடும் என அதன் கையேடே எச்சரிக்கிறது. அது இறுதி வழி.

மொழி பயில்வோர்க்கு இங்கு ஒரு செய்தி உண்டு. 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்பதும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பதும் கணினி தரும் இருவேறு விடைகள். முன்னது இன்மை, பின்னது எட்டாமை. எட்டாததை இல்லாததாகக் கருதி அழிக்கும்போதே பேரிழப்பு நேர்கிறது. பெரட்டு, கங்காணி, லயம் முதலிய தோட்டத்துச் சொற்களை முதியோர் வாய்மொழியிலிருந்து பதிவுசெய்து தொகுக்கும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். ஒலிக்கோப்பு திறக்கவில்லையெனில் முதலில் பிழைச்செய்தியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். அடுத்து, தரவு அடைவு முழுவதையும் குறிப்பேட்டுடன் வேறொரு வட்டில் படியெடுங்கள். உரிமையையும் வட்டின் இணைப்பையும் சரிபாருங்கள். அதன் பின்னரே மீட்பைத் தொடங்குங்கள். சொன்னவர் மறைந்த பின் அச்சொல்லை மீண்டும் கேட்டுப் பதிவுசெய்ய இயலாது.