அமேதியும் ஆமத்தூரும்

தீபாவளி முடிந்ததும் எங்கள் பக்கத்தில் வேறொரு பருவம் ஆரம்பமாகிவிடும். சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகள் சில வாரம் ஓய்ந்து கிடக்கும். முதலாளிமார் கணக்குத் தீர்ப்பார்கள். வெளியூர்ப் பாக்கியை வசூலிக்க ஆட்கள் புறப்படுவார்கள். அதே சமயத்தில் இன்னொரு காரியமும் சத்தமில்லாமல் நடைபெறும். எந்த ஆலைப் போர்மேன் எந்த ஆலைக்குப் போகிறார், யாருக்கு எவ்வளவு முன்பணம் பேசியிருக்கிறார்கள், யார் பழைய இடத்திலேயே தங்கிவிட்டார் என்பவையெல்லாம் டீக்கடைப் பெஞ்சுகளில் அலசப்படும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற ஆமத்தூருக்கு இந்தச் செய்திகள் இரண்டு திசையிலிருந்தும் வந்து சேரும்.

2025-ஆம் வருஷம் ஐப்பசி மாதக் கடைசியில் அந்தப் பேச்சையெல்லாம் ஒரு செய்தி அடித்துக்கொண்டு போய்விட்டது. நவம்பர் 15-ஆம் தேதி சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டியார் ஸ்ரீ ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸ் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டு, ஸ்ரீ ஸஞ்ஜு ஸாம்ஸனை வாங்கிக்கொண்டார்கள். ஸாம் கர்ரன் என்னும் இங்கிலீஷ் ஆட்டக்காரரும் ஜடேஜாவோடு கூடப் போனார். பட்டாசு ஆலைப் போர்மேன்கள் எங்கே போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டு ஊரில் பாதிப் பேர் ஜடேஜாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மஞ்சள் சட்டை அணிந்த பிள்ளைகள் ஏன் வீட்டில் முகம் தொங்கி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விளங்காத தாய்மாரும் பாட்டனாரும் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்காக இந்த விவகாரத்தைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

ஐ.பி.எல். என்னும் கிரிக்கெட் பந்தயம் 2008-இல் ஆரம்பமாயிற்று. நகரங்களின் பெயரால் கோஷ்டிகள், அவற்றுக்கு முதலாளிகள், ஆட்டக்காரர்களுக்கு ஏலம். முதல் ஏலம் அந்த வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி பம்பாயில் நடந்தது. ராஞ்சியைச் சேர்ந்த ஸ்ரீ மகேந்திர ஸிங் தோனியைச் சென்னைக் கோஷ்டி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த ஏலத்தில் அதுவே பெரிய விலை. தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்நாட்டு வீடுகளில் ‘தல’ ஆனது அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் பந்தயங்கள் முடிந்து அடுத்த பந்தயங்கள் தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி உண்டு. அப்போது சிலரை வைத்துக்கொள்ளலாம், சிலரை விட்டுவிடலாம், ஆட்டக்காரர் சம்மதித்தால் இரண்டு கோஷ்டிகள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். பந்தே வீசாமல் நடக்கும் இந்த ஆட்டத்தில், மைதானத்து ஆட்டத்தைக் காட்டிலும் அதிகமாக அபிமானிகளின் மனம் அடிபடுகிறது.

மண்டிக் கணக்கு

விருதுநகரிலே மிளகாய் மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். தம் ஊரில் விளையாத சரக்குக்கெல்லாம் விலை சொல்லிப் பழகியவர். ஜடேஜா விஷயமாக அவரிடம் அங்கலாய்த்தபோது அவர் சிரித்தார்.

“அண்ணாச்சி, துக்கத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துவிட்டுச் சரக்கைப் பாருங்கள். ஜடேஜாவுக்கு 14 கோடி, கர்ரனுக்கு 2 கோடியே 40 லட்சம். ஆக 16 கோடியே 40 லட்சம். ஸாம்ஸனுக்கு 18 கோடி. நம் கைப்பணம் கூடுதலாக 1 கோடியே 60 லட்சம். கொடுத்த சரக்குக்கு வயது 37 ஆகப் போகிறது. வாங்கிய சரக்குக்கு 31. அதோடு ஸாம்ஸன் விக்கெட் காப்பவர். தோனிக்கு 44 வயது. அந்தக் கையுறையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?”

அவர் சொன்னதில் குற்றம் காண முடியவில்லை. 2025-ஆம் வருஷப் பந்தயங்களில் சென்னைக் கோஷ்டி 14 ஆட்டங்களில் 4-இல் மட்டும் ஜயித்துக் கடைசி ஸ்தானத்துக்குப் போயிற்று. 2010, 2011, 2018, 2021, 2023 என்று 5 தடவை கோப்பையை வென்ற கோஷ்டி அதற்கு முன்பு ஒரு தடவைகூடக் கடைசியில் நின்றதில்லை. 2018-இல் முப்பது வயதைத் தாண்டியவர்களாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, “கிழவர் பட்டாளம்” என்று ஊர் சிரித்தபோதே கோப்பையைத் தூக்கி வந்தார்கள். அந்த வித்தை எந்நாளும் பலிக்காது என்பதை 2025 காட்டிவிட்டது. அந்த வருஷம் நடுவழியில் சேர்ந்த 17 வயது ஆயுஷ் மாத்ரேயும், தென்னாப்பிரிக்கர் டிவால்ட் பிரெவிஸும் வந்த பிறகே ஆட்டத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

ஆனால் மண்டிக்காரரின் கணக்கிலும் ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தது. மதீஷா பதிரணா என்னும் இலங்கைப் பந்துவீச்சாளரை 13 கோடிக்கு வைத்திருந்த சென்னைக் கோஷ்டி, அவரை விட்டுவிட்டது. டிஸம்பர் ஏலத்தில் கல்கத்தாக் கோஷ்டி அவரை 18 கோடிக்கு எடுத்தது. “பார்த்தீர்களா, நாம் கழித்த சரக்கு ஏறின விலைக்குப் போயிற்று!” என்றேன். நண்பர் பதில் சொல்லாமல் எடைக்கல்லைத் துடைக்க ஆரம்பித்தார்.

பேரேட்டில் ஏறாதது

இப்போது மறு பக்கத்தைப் பார்ப்போம். ஜடேஜா 2012-ஆம் வருஷ ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு வந்தார். கோஷ்டி தடைபட்டிருந்த 2016, 2017 ஆகிய 2 வருஷங்கள் நீங்கலாக, 12 பருவங்கள் மஞ்சள் சட்டையில் ஆடினார். 2022-இல் அவரிடம் தலைமையைக் கொடுத்தார்கள். 8 ஆட்டங்களுக்குப் பிறகு அது தோனியின் கைக்கே திரும்பி வந்தது. அத்தோடு அவர் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் பலர்.

2023-ஆம் வருஷ இறுதி ஆட்டம் ஆமதாபாத்தில் மழையில் நனைந்து, மே 30-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின்னும் நடந்தது. 15 ஓவரில் 171 ரன் தேவை. கடைசி 2 பந்தில் 10 ரன் பாக்கி. ஜடேஜா ஒன்றை ஆறுக்கு அனுப்பினார். மற்றொன்றை நாலுக்குத் தட்டினார். சிரிப்புக்கும் கோபத்துக்கும் இடம் கொடாத தோனி அவரை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டார். அந்நேரத்தில் தமிழ்நாட்டில் தூங்காமல் விழித்திருந்த வீடுகள் எத்தனை! மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்பதை எத்தனை பேர் மறந்தார்கள்! அந்த இரவை எந்தப் பேரேட்டில், எந்த விலைக்கு வரவு வைப்பது?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஜடேஜா முதன்முதலில் ஆடியது ராஜஸ்தான் கோஷ்டியில்தான். 2008-இல் அது கோப்பையை வென்றபோது அவர் அதில் சிறு பையன். 2010-இல், விதிக்கு மாறாக வேறு கோஷ்டியாரிடம் தாமே பேரம் பேசினார் என்று அவரை அந்தப் பருவம் முழுதும் ஆடக்கூடாது என்று விலக்கி வைத்தார்கள். 15 வருஷம் கழித்து அதே ராஜஸ்தானுக்கு அவரைப் பேரம் பேசிக் கொடுத்தார்கள். அது முறைப்படி நடந்த வர்த்தகம் ஆயிற்று. ஆட்டக்காரர் பேசினால் குற்றம், முதலாளிகள் பேசினால் சாமர்த்தியம். எங்கள் ஆலைகளில் முன்பணம் வாங்கிய தொழிலாளிகூட அதைத் தீர்த்துவிட்டால் அடுத்த ஆலை வாசலில் தானே போய் நிற்கலாம்.

இந்தத் துக்கம் நம் தேசத்துக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டத்துக்கு இப்படிப்பட்ட மாற்று வெகு காலமாக வழக்கம். சில விசேஷ ஒப்பந்தங்கள் நீங்கலாக, அங்கே ஆட்டக்காரரின் சம்மதத்தைக்கூடக் கேட்பதில்லை. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் கோஷ்டி, முந்திய வருஷம் தன்னை இறுதிப் பந்தயம் வரையில் அழைத்துச் சென்ற 25 வயது லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலீஸ் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டது. அபிமானிகள் மைதான வாசலில் ஒரு சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து ஒப்பாரி வைத்தார்கள். மாற்றை நடத்திய மானேஜரை அதே வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜடேஜா கைமாறியதற்கு 4 நாள் முன்பு அது நடந்தது.

அபிமானிகளை முதலாளிகள் பைத்தியக்காரர்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பைத்தியத்தை வைத்துத்தானே வியாபாரம் நடக்கிறது? 2018-இல் காவேரிக் கிளர்ச்சி காரணமாகச் சென்னையில் ஓர் ஆட்டம் நடந்ததோடு மற்ற ஆட்டங்களைப் பூனாவுக்கு மாற்றினார்கள். அபிமானிகள் தனி ரயில் ஏறிப் பூனாவுக்குப் போய் விசில் அடித்தார்கள். லாபநஷ்டம் பார்க்கிறவன் அப்படிப் போவானா?

சென்னை என்னும் பெயர்

ஆட்டக்காரர் வருவார், போவார். கோஷ்டி நிலைத்திருக்கும் என்கிறார்கள். சரி. அப்படியானால் அந்தக் கோஷ்டியில் நிலைத்திருப்பது எது? மஞ்சள் நிறமா? சிங்க முத்திரையா? இரண்டும் துணியில் அச்சிட்டவை. அச்சு வேலை சிவகாசிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. எந்த முத்திரையை எந்தத் தாளில் வேண்டுமானாலும் அடித்துக் கொடுப்பார்கள். நிலைத்திருப்பது ஊரின் பெயர் ஒன்றுதான். ஆமத்தூரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். இருந்தும் அந்தப் பெயரை எங்கள் பெயராக எண்ணித்தான் பிள்ளைகள் மஞ்சள் சட்டை கேட்கிறார்கள்.

மார்கழி முதல் தேதி, அதாவது 2025 டிஸம்பர் 16-ஆம் தேதி, அபுதாபியில் ஏலம் நடந்தது. சென்னைக் கோஷ்டியார் அன்று ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். தேசக் கோஷ்டியில் ஒரு தடவைகூட ஆடாத இரண்டு இளைஞர்களைத் தலைக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். ஒருவர் 20 வயது பிரசாந்த் வீர். மற்றவர் 19 வயது கார்த்திக் சர்மா. இருவருக்கும் ஆரம்ப விலை 30 லட்சம். அதுவரை தேசத்துக்காக ஆடாத எவருக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. கிழவர் பட்டாளம் நடத்தியவர்கள் ஒரே நாளில் பாலர் பட்டாளத்துக்கு மாறிவிட்டார்கள்! இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பேர்பெற்றவருக்கு விலை கொடுப்பது யாராலும் ஆகும். பேர் பெறப் போகிறவரைக் கண்டுபிடிக்கத்தான் கண் வேண்டும்.

கார்த்திக் சர்மாவின் ஊர் ராஜஸ்தானத்துப் பரத்பூர். பிரசாந்த் வீரின் ஊர் உத்தரப்பிரதேசத்து அமேதி. அமேதி என்று கேட்டவுடன் எங்கள் ஊர்ப் பெயர் காதில் விழுந்தது போல் இருந்தது. சென்னையிலிருந்து அமேதி வரையில் எட்டுகிற கண் ஆமத்தூர் வரையில் எட்டாதா?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம், கணக்கு விளையாட்டல்ல. முதல் வருஷங்களில் பத்ரிநாத், பாலாஜி, முரளி விஜய், அசுவின் என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் அந்தக் கோஷ்டியில் வரிசையாக இருந்தன. 2025 ஆகஸ்டில் அசுவின் ஐ.பி.எல். பந்தயங்களிலிருந்து விலகினார். விஜய் சங்கரையும் ஆந்த்ரே சித்தார்த்தையும் நவம்பரில் விட்டுவிட்டார்கள். டிஸம்பர் ஏலம் முடிந்து பெயர்களைக் கூட்டிப் பார்த்தபோது, தமிழ்நாட்டுக் கோஷ்டிக்கு ஆடுகிறவர் என்று குர்ஜப்நீத் ஸிங் ஒருவரே தேறினார்.

தமிழ்நாட்டில் ஆள் இல்லையா என்றால், வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். ஜடேஜா கடைசி 2 பந்தில் ஜயித்துக் கொடுத்த அந்த இறுதி ஆட்டத்தில், சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 ரன் குவித்தவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன். குஜராத் கோஷ்டி 2022-இல் அவரை 20 லட்சத்துக்கு எடுத்திருந்தது. 2025-இல் எல்லாரையும்விட அதிகமாக 759 ரன் எடுத்தவரும் அவரே. சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜனைப் பஞ்சாப் கோஷ்டி 2017-இல் 3 கோடிக்கு எடுத்தது. அவர் ஒரே ஆஸ்திரேலியப் பிரயாணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் தேசத்துக்காக ஆடினார். பிறகு ஊர் திரும்பி, தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு மைதானம் அமைத்தார். பஞ்சாபும் குஜராத்தும் நம் ஊர்களில் தேடிக் கண்டெடுத்தவை இவை.

ஏலம் என்றால் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கே. ஊர் பார்த்து எடுக்க முடியுமா என்று கோஷ்டியார் கேட்கலாம். நியாயந்தான். பிறந்த ஊருக்காக ஆட்டம் தெரியாதவனை எடுக்கச் சொல்லவில்லை. அப்படி எடுத்தால் முதலில் விசில் அடித்து விரட்டுகிறவர்களும் நாங்களாகவே இருப்போம். தேடும்போது இந்தப் பக்கமும் தேடுங்கள் என்பதே வேண்டுகோள்.

எங்கள் பக்கத்துப் பையனுக்குப் பள்ளிக்கூடம் முடிந்ததும் கண்ணுக்கு எதிரே தெரியும் வழிகள் சில. பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், அச்சுக்கூடம், வெளியூர்க் கடை. அவன் கண்மாய் வற்றிய கோடையில் கண்மாய்த் தரையிலே குச்சி நட்டு, டென்னிஸ் பந்தை இடது கையால் சுழற்றிப் போடுகிறான். ஜடேஜா மாதிரி போடுகிறேன் என்கிறான். ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனதில் அவனுக்கு வருத்தந்தான். ஆனால் அவன் கை ஜடேஜாவோடு போய்விடவில்லை. சென்னைக் கோஷ்டியார் அடுத்த ஏலத்துக்குப் புறப்படுவதற்கு முன், ஒரு கோடை மாதம் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் இரண்டு பேரை அனுப்பிப் பார்க்கட்டும். வருகிறவர்களுக்கு ரயில் செலவு ஆகும். 14 கோடி ஆகாது.