உங்களுக்குத் தெரியுமா? பழைய புல்லட்டும் புது கார்புரேட்டரும்

● 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது நெல்லை சந்திப்பு, வண்ணார்பேட்டைப் பக்கம் எத்தனையோ வண்டிகள் முங்கின. பெட்ரோலைவிடத் தண்ணீருக்கு எடை கூடுதல். கார்புரேட்டருக்குள் புகுந்தால் அதன் பெட்ரோல் கிண்ணத்தின் அடியில் போய்த் தங்கிவிடும். பெட்ரோல் பாயும் பித்தளைத் துளையான மெயின் ஜெட் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். எனவே முங்கிய வண்டியில் கிக்கரை மிதிக்காமல், முதலில் கிண்ணத்தைக் கழற்றிக் காலி செய்யுங்கள்.

● திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுகளில் இருந்தது பர்மிங்காமின் அமல் கார்புரேட்டர். 1927இல் மூன்று கம்பெனிகள் இணைந்து பிறந்தது அமல். பிற்பாடு மிகுனி வகை மிக்கார்ப் வந்தது. அமல் மெயின் ஜெட்டின் எண், நிமிடத்துக்கு எத்தனை சி.சி. பாயும் என்பதற்கான கணக்கு. அந்த எண்ணைப் பார்த்து வேறு கம்பெனி ஜெட்டை வாங்கி மாட்டக் கூடாது.

● வண்டி எங்கே இடறினாலும் மெயின் ஜெட்டை மாற்றச் சொல்வார்கள். அது ஆக்சிலேட்டர் முக்கால்வாசிக்கு மேல் போனால்தான் பேசும். ஐடிலிங் பைலட் ஜெட்டின் வேலை. கால்வாசி முதல் முக்கால்வாசி வரை, ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியின் ராஜ்ஜியம். நடுவேகத்தில் வண்டி இழுக்கவில்லையா? ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே போடுங்கள். ஊசி உயரும், பெட்ரோல் கூடும். ஐடிலிங்கைச் சரிசெய்ய, மிக்கார்ப் ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். இன்ஜின் சூடான பிறகு, ஐடிலிங் எந்த இடத்தில் அதிகமாக எழும்புகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

● மெயின் ஜெட் சரியா என்பதைப் பிளக் சொல்லும். ஆளில்லாத நேர்ச்சாலையில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அந்த நொடியே இன்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்தச் சோதனை இல்லாமல் எந்தப் புது கார்புரேட்டரையும் நம்பாதீர்கள்.

● புதிதாக மாட்டும்போது நட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்காதீர்கள். அமலின் வாய் வளைந்து ஸ்லைடு சிக்கிக்கொள்ளும். இடுக்கு வழியே காற்றும் நுழையும்.

● நெல்லை கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர். மாஞ்சோலையோ 1,000 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்று ஏறத்தாழ 10 சதவீதம் மெலிகிறது. ஜெட் வழியே வரும் பெட்ரோல் அதே அளவு குறைவதில்லை. கீழே கச்சிதமாக இருந்த வண்டி மேலே புகை தள்ளுவது இதனால்தான். மலை ஏறியதற்காகச் சிறிய ஜெட்டை மாட்டிவிட்டு, அதோடு சமவெளியில் ஓட்டுவது ஆபத்து.

● 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதே காற்றுக்குச் சற்று அதிக எரிபொருள் வேண்டும். பழைய ஜெட்டில் கலவை மெலியும். பழைய ரப்பர் வாஷர்களும் ஊறி வீங்கும். கிண்ணத்தைத் திறக்கும்போதே அவற்றை மாற்றிவிடுங்கள்.

● கழற்றிய பழைய கார்புரேட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் ஜெட்டுகளிலும் ஸ்லைடிலும் பொறித்த எண்களைக் குறித்து வையுங்கள். அடைத்த ஜெட்டில் கம்பி விடாதீர்கள். பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும்.